கறுப்பு நிற்கும்வரை தேய்த்தவன்

ரம்தா ஊர் ஜதானின் டாட்ஜ் கார் பதினோரு வருஷம் ஒரு சக்கரம் இல்லாமல் ஓடியது. சக்கரம் கழன்று விழவில்லை, களவும் போகவில்லை. முன்பக்கத்து வலது சக்கரம், தேய்த்துத் தேய்த்தே கண்ணைவிட்டு மறைந்தது. டயர் இருந்தது, டயரில் காற்று இருந்தது, ஐந்து நட்டும் வட்டமாக அந்தரத்தில் நின்றன. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. தக்காளி கிலோ எட்டு கிர்ஷுக்கு விற்ற வருஷம் அது. தக்காளி விலை அப்புறம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சக்கரம் திரும்பி வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் டயருக்குள் கையை விட்டுப் பார்த்து முட்டி பெயர்ந்தார்கள், ஏனென்றால் சக்கரம் மறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. தட்டினால் டங்கென்றது. உச்சி வெயிலில் தொட்டால் சுட்டது. கராஜ் நாய் எப்போதும்போல அங்கேதான் காலைத் தூக்கியது; நாய்க்கு இதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

எல்லையோரத்து ஊரான ரம்தாவிலிருந்து கடலுக்குப் போக நாட்டின் மறுமுனை வரைக்கும் போக வேண்டும். ஆனாலும் அந்த ஊரில் மாலுமிகள் இருந்தார்கள். எல்லையைக் கடந்து பக்கத்து நாட்டுத் தர்ஆவுக்குப் போய், சோப்பும் பருத்தி பனியனும் கத்தரிக்காய் ஊறுகாயுமாகத் திரும்பி வருகிற டிரைவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு நாளைக்கு மூன்று நடை. காரெல்லாம் அமெரிக்காவில் செய்தவை, கப்பல் மாதிரி நீளம், வயது பதினைந்துக்குக் குறையாது. இஞ்சின் இருமும், கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஆனால் சக்கரமும் ஜன்னல் ஓரப் பட்டையும் முன்பக்கத்து வலைச் சட்டமும் மட்டும் தகதகவென்று இருக்க வேண்டும். வயிற்றுக்கு இல்லாவிட்டாலும் மீசைக்கு எண்ணெய் போடுகிற ஆட்கள். அந்த அலுமினியத்துக்கெல்லாம் பாலிஷ் போட்டவன் அவ்வாத். நாற்பது வயது, ஒல்லி, கல்யாணமாகாதவன். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவன்.

நிற்கத் தெரியாதவன் என்பதைக் குறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிடும்போது நடப்பான். முடி வெட்டும்போது நாற்காலியோடு சேர்ந்து நகர்வான். கத்திரிக்காரர் கடையின் ஒரு சுவரில் ஆரம்பித்து எதிர்ச் சுவரில் முடிப்பார். அவன் தகப்பன் ரொட்டி சுடுகிறவர். அந்தத் தொழிலை மகன் விட்டதற்குக் காரணம் அடுப்பின் சூடு அல்ல. பிசைந்த மாவு பொங்கும்வரை ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். முதல் நாளே அந்த ஒரு மணி நேரத்தில் அவன் எழுந்து போய், கடைக்கு முன்னால் நின்ற மூன்று கார்களைத் துடைத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து மாவைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வித்து.

ஏனென்றால் அலுமினியம் தேய்க்கிறவனுக்கு மாவு வேண்டும். குரோம் என்பது இரும்பின் மேல் போட்ட பூச்சு, அதிகம் தேய்த்தால் துருப்பிடித்த நிஜம் வெளியே வந்துவிடும். அலுமினியம் அப்படி இல்லை, மேலே என்னவோ அதுவேதான் அடிவரைக்கும். முதலில் சோடாக் காரம் கலந்த தண்ணீரைப் பூசி, கம்பெனிக்காரன் மேலே போட்ட கண்ணாடித் தோலை உரிக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், சொரசொரப்பில் ஆரம்பித்து வழுவழுப்பு வரை நாலு தினுசு. அப்புறம் பாலிஷ் பசையைத் தொட்டுப் பழைய பனியன் துணியால் தேய்த்தால், துணியில் மை மாதிரிக் கறுப்பு இறங்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் அதை அழுக்கு என்று நினைப்பான். அது அழுக்கு இல்லை. அலுமினியமேதான் பொடியாகிக் கறுப்பாக வருகிறது. தேய்க்கிறவரை வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவன் ஓரிடத்தில் போதும் என்று நிறுத்தி, ஒரு பிடி மாவைத் தூவி, மிச்சக் கறுப்பை மாவோடு துடைத்து எறிந்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வான். எல்லாப் பாலிஷ்காரனிடமும் கருவிப் பெட்டியோடு ஒரு மாவுப் பையும் இருக்கும். அவ்வாதிடம் கிடையாது.

இதை மாலுமிகள் விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம், பாலிஷ் முடிந்த சக்கரத்தை வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு வழி வழிப்பார்கள். துணி கறுத்தால் பாலிஷ்காரன் கராஜுக்கே ஃபலாஃபல் வடை வாங்கித் தர வேண்டும். மற்றவர்கள் மாவு போட்டுத் தப்பித்தார்கள். அவ்வாத் மட்டும் வாராவாரம் ஃபலாஃபல் வாங்கினான். அவன் தயவில் கடைக்காரர் மாடி எடுத்தார். அவனை அதிகம் சீண்டியவன் ஜதான். குவைத்திலிருந்து திரும்பிய ஒருவனிடம் நாலு அலுமினியச் சக்கரம் வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் காரைச் சுற்றி மாப்பிள்ளை மாதிரி நடப்பான்.

“என்னடா அவ்வாது, பாலிஷ் போட்டியா, கரி பூசினியா?” என்பான் கைக்குட்டையை விரித்துக் காட்டி. “மூக்கச் சிந்தக்கூட இனி லாயக்கில்ல இது.”

“இன்னும் கறுப்பு இருக்கு,” என்பான் அவ்வாத், வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி.

“இருக்கத்தாண்டா செய்யும். ஒரு பிடி மாவு போட்டா உன் மீசையா உதிர்ந்துடும்? உங்கப்பன் கடையில மூட்டை மூட்டையா கிடக்குதே!”

“மாவு போட்டா கறுப்பு ஒளிஞ்சுக்கும். போகாது.”

“அப்ப போற வரைக்கும் தேய்! நான் குழிக்குள்ள போறதுக்குள்ள முடிச்சிருவியா?”

அவ்வாத் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையாக எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்து வியாழன் மத்தியானம்வரை முன்பக்கத்து வலது சக்கரத்தைத் தேய்த்தான். நாற்பத்தொரு பனியன் தீர்ந்தது; கடைசி ஒன்பது, சுற்றி நின்ற மாலுமிகள் அந்த இடத்திலேயே கழற்றிக் கொடுத்தவை. வழிந்த கறுப்பு வாய்க்காலாக ஓடி முனைக்கடை வரைக்கும் போனது, அதில் புரண்ட பூனைகளின் சந்ததிதான் இன்றைக்கும் ரம்தாவில் திரிகிற கறுப்புப் பூனைகள் எல்லாம். செவ்வாயன்று சக்கரம் கண்ணாடி போல ஆயிற்று, ஒருவன் அதில் முகச் சவரம் செய்தான். புதன்கிழமை கண்ணாடியைத் தாண்டித் தண்ணீர் போல ஆயிற்று. வியாழன் பாங்கு சொல்கிற நேரம் அவ்வாத் கடைசியாக ஒரு இழு இழுத்தான், துணி வெள்ளையாக வந்தது, சக்கரம் இல்லை. ஜதான் கைக்குட்டையை எடுத்து, சக்கரம் இருந்த காற்றை வழித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“வெள்ளைதான்,” என்றான். அப்புறம், “காரு ஓடுமா?” என்றான்.

ஓடியது. எல்லையில் இருந்த அதிகாரியின் படிவத்தில், சக்கரங்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். நாலு என்று எழுதிவிட்டுத்தான் பார்த்தார். அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். எழுந்து வந்து இல்லாத சக்கரத்தை பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார். நொண்டிக்கொண்டே திரும்பிப் போய் மறுபடி நாலு என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி அது சரியான முடிவு. அதற்குப் பிறகு பதினோரு வருஷத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கிளப்பவில்லை.

ஊருக்குப் பித்துப் பிடித்தது. தன் காரிலும் ஏதாவது ஒன்று மறைய வேண்டும் என்று மாலுமிகள் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் பட்டைகள் போயின, கண்ணாடி மட்டும் சட்டமில்லாமல் நின்றது. வலைச் சட்டங்கள் போயின, ரேடியேட்டர்கள் வாய் திறந்த கிழவன் மாதிரி இளித்தன. காரோடு நிற்கவில்லை. வீட்டுக் கூரையில் டெலிவிஷனுக்கு வைத்த அலுமினியக் கொம்புகளைத் தேய்க்கச் சொன்னார்கள், அவன் தேய்த்தான், மாலையில் ரம்தாவின் கூரைகளுக்கு மேலே புறாக்கள் ஒன்றுமில்லாததன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. படமும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வாதுக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒன்றில் கறுப்பு நின்றதும் அவன் கை அடுத்ததைத் தேடியது. தொழுகையில் நெற்றி தரையில் இருக்கும்போதுகூட விரல்கள் பாயை வட்டம் வட்டமாகத் தடவின. கார் கிடைக்காத நாளில் தர்ஆவுக்கு நடந்தே போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் நடந்தே திரும்பினான். உட்கார்ந்தால் தரை சுட்டது, நின்றால் கால் அரித்தது.

அப்படிப்பட்டவனிடம்தான் சப்ஹா தன் தேநீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தாள். ஜதானின் தங்கை. முப்பத்தாறு வயது, புருஷன் மௌத்தாகி ஆறு வருஷம், வீட்டில் தையல் மெஷின். தைத்த பாவாடைகளை அண்ணன் காரில் தர்ஆவுக்கு அனுப்ப வாரம் இரண்டு தரம் கராஜுக்கு வருவாள். அவள் நாக்கு எவ்வளவு கூர்மை என்றால், அவள் வந்துவிட்டுப் போன நாளில் நாலு டயராவது பஞ்சராகும். கெட்டிலை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

“அடியில புகைக் கறுப்பு. அது மட்டும் போகணும். கெட்டில் போகக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“என் கண்ணப் பாத்துச் சொல்லு. கைய ஆட்டாமச் சொல்லு.”

கண்ணைப் பார்த்தான். அங்கேதான் பிசகியது. கெட்டிலைத் தேய்த்த நேரம் முழுக்க அவனுக்குக் கெட்டில் ஞாபகமே இல்லை. மறுநாள் அவன் அவளிடம் நீட்டியது ஒரு மரக் கைப்பிடியும், அதற்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்ற மூடிக் குமிழும். சப்ஹா திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்த பிறகு திட்டலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் கெட்டிலின் வடிவத்தில், மூக்கும் தொந்தியுமாக, தனியே நின்றது. கொதி வந்தபோது குமிழிகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எழும்பி வருவது தெரிந்தது. தேயிலையைப் போட்டதும் சிவப்பு இழை இழையாக இறங்கியது, மரமிய்யா என்கிற வாசனை இலை ஒன்று மீன்குஞ்சு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. சப்ஹா ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் முதல் சிரிப்பு, அதற்குப் பதினேழு பேர் சாட்சி.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் எல்லாப் பாத்திரமும் அடிப்பிடித்தது. ஒவ்வொன்றாகக் கராஜுக்குக் கொண்டுவந்தாள், ஒவ்வொன்றாக மறைந்து திரும்பிப் போயின. அவன் பேசத் தெரியாதவன், அவள் பேசி முடிக்காதவள். பொருத்தம் பத்தும் கண்ணாடிபோலத் தெரிந்தது. நாலு மாதம் பொறுத்துவிட்டு அவ்வாத் ஒருநாள், கையில் அவளுடைய சோற்றுப் பானையைச் சுற்றிக்கொண்டே, “உங்க வீட்டுக்கு ஜாஹா அனுப்பட்டுமா?” என்று கேட்டான். பெண் கேட்டுப் போகிற பெரியவர்கள் கூட்டத்துக்கு அங்கே அப்படிப் பெயர்.

சப்ஹா கையில் இருந்த பாவாடைக் கட்டைக் கீழே இறக்கி வைத்தாள்.

“பயமா இருக்கு,” என்றாள். “நீ புடிச்ச எதையும் விட்டு வெக்கிற ஆளில்ல. சக்கரம் போச்சு, கெட்டில் போச்சு. நாளைக்கு என்னையும் இது சரியில்ல, இன்னும் கறுப்பு இருக்குன்னு தேய்ச்சுக்கிட்டே இருப்பே. எங்கிட்ட நெறைய இருக்கு, அவ்வாது. நான் அப்படியே இருந்துட்டுப் போறேன்.”

“உன்னைத் தேய்க்க மாட்டேன்.”

“கெட்டிலையும் அப்படித்தான் சொன்னே.” அவள் பானையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், இன்னும் பாதி தெரிகிற நிலையில். “சரி, ஒண்ணு பண்ணு. ஜாஹா எங்க வீட்ல வந்து உக்காந்ததுலேர்ந்து அந்தக் காபியக் குடிக்கிற வரைக்கும் உன் ரெண்டு கையும் சும்மா இருக்கணும். எதையும் தேய்க்கப்படாது. கட்டிப்போட்டுட்டு வரப்படாது. கதவு இடுக்குல நான் நிப்பேன். கை அசைஞ்சுது, ‘காபி வேணாம்’னு உள்ளேர்ந்து கத்துவேன்.”

இதன் கனம் அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். ஜாஹாவின் தலைவருக்கு முன்னால் காபிக் கிண்ணத்தை வைப்பார்கள். அவர் தொட மாட்டார். வந்த காரியத்தைச் சொல்வார். பெண் வீட்டார் “குடிங்க, கேட்டது உங்களுக்கு” என்று சொன்ன பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். காபி குடிக்காமல் எழுந்து போன ஜாஹா அதே வாசலுக்கு இன்னொரு தரம் வராது. கேட்டவனுக்கு அந்தப் பெண் அன்றோடு இல்லை என்று அர்த்தம், எத்தனை வருஷமானாலும். ஒரே ஒரு காபி, ஒரே ஒரு தடவை.

அவ்வாதுக்கு இருபது நாள் இருந்தது. சும்மா இருக்கப் பழகினான். கைகளைக் கோதுமை மூட்டைக்குள் விட்டுப் பார்த்தான். மூட்டை உமி நீங்கிப் பளபளத்தது. கைகளின் மேல் தானே ஏறி உட்கார்ந்து பார்த்தான். அவனையே அவை வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டன. ஜதானுக்கு இப்போது கேலி வரவில்லை. இவன் காய்ச்சலுக்குத் தன் கைக்குட்டைதானே காரணம் என்று உறுத்தியது. தினமும் மூன்றாம் நடை முடிந்ததும் வந்து எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுத்தான்.

“எதையாவது நெனைச்சுக்கோடா. மலைய நெனைச்சுக்கோ. மலை சும்மாதானே இருக்கு?”

“மலையில ஒரு பக்கம் மங்கலா இருக்கு, ஜதான்.”

“அல்லாஹ்வே! எனக்கு மச்சானா வர்றதுக்கு உலகத்துல வேற ஆளே இல்லையா?”

பத்தொன்பதாம் நாள் அவனால் முன்னூறு எண்ணும்வரை கையை அசைக்காமல் வைக்க முடிந்தது. ஆனால் ஜாஹாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் அபூ உக்லா. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஸலாம் சொல்லி முடிக்கவே முன்னூறு ஆகும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நாற்பது பேர் ஜதான் வீட்டு முன்னறையில் அலுமினியக் கால் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் பதினாறு பேருக்குச் சோறு போடுகிற பெரிய அலுமினியத் தட்டு, தட்டின் நடுவில் அபூ உக்லாவின் காபிக் கிண்ணம், ஏலக்காய் வாசனையோடு ஆவி விட்டுக்கொண்டு. அவ்வாத் முழங்கால்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்தி வைத்தான். உள்கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அபூ உக்லா கண்ணை மூடிக்கொண்டு ஆதமிலிருந்து ஆரம்பித்தார். ஆதம் நபி, நூஹ் நபி, அப்புறம் நேராக அவ்வாதின் ஒன்பதாவது தலைமுறைப் பாட்டன், அவர் வைத்திருந்த ஒட்டகம், அந்த ஒட்டகத்தின் குணம்.

மூன்றாவது பாட்டனுக்கு வந்தபோது அவ்வாதின் நெற்றியில் வியர்வை கோத்தது. கை அசையவில்லை. அந்தத் துடிப்பு போக வழியில்லாமல் முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது, கழுத்து வழியாக வெளியேறி அறைக்குள் இறங்கியது. முதலில் ஜன்னலின் அலுமினியச் சட்டம் தானாகவே கறுப்பாக வியர்த்தது. கறுப்பு வடிந்து முடிந்ததும் சட்டம் இல்லை, கண்ணாடியும் அதில் ஒட்டியிருந்த ஈயும் மட்டும் நின்றன. அடுத்து மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மூக்குக் கண்ணாடிச் சட்டம் போயிற்று. இரண்டு வில்லைகளும் அவர் கண்ணுக்கு முன்னால் அசையாமல் தொங்கின, அவருக்குத் தெரியவேயில்லை. கைத்தடிப் பூண்கள், நாற்காலிக் கால்கள், பெல்ட் கொக்கிகள். நாலு பேர் வேட்டி அவிழ்ந்தவர்கள்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் தட்டு. ஓரத்திலிருந்து கறுப்பு ஊறி, சுற்றிலும் பாயில் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரு பெரிய கறுப்பு வட்டம் போட்டுவிட்டுத் தட்டு மறைந்தது. காபிக் கிண்ணம் மட்டும் முக்காலிக்கு மேலே, இருந்த இடத்திலேயே, ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றது. அபூ உக்லா அப்போதுதான் பேச்சை முடித்துக் கண்ணைத் திறந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர். எதற்கும் அசர மாட்டார். “நாங்க வந்த காரியத்தச் சொல்லிட்டோம்,” என்றார் கிண்ணத்தைப் பார்த்து. “இனி நீங்க சொல்லணும்.”

ஜதான் கிண்ணத்தைப் பார்த்தான். கறுத்த பாயைப் பார்த்தான். அவ்வாதின் கைகளைப் பார்த்தான். அவை மலர்த்தியபடியே கிடந்தன, செத்த மீன் மாதிரி.

“இத தேய்ச்சதாச் சேத்துக்கறதா, தேய்க்காததாச் சேத்துக்கறதா?” என்றான் யாரிடமும் இல்லாமல்.

நாற்பது தலையும் உள்கதவுப் பக்கம் திரும்பியது. ‘காபி வேணாம்’ என்ற கத்தல் வரவில்லை. அவ்வாத் தலை நிமிரவில்லை. கறுப்பு இப்போது அவன் உள்ளங்கையிலிருந்தே கசிந்து, விரல் இடுக்கில் இறங்கி, முழங்காலை நனைத்துக்கொண்டிருந்தது. துடைக்கத் துடிக்காத இடம் அவன் உடம்பில் இல்லை. துடைக்கவில்லை. அப்போது கதவு முழுதாகத் திறந்தது. ஆண்கள் உட்கார்ந்த ஜாஹாவுக்கு நடுவே பெண் வந்து நின்றதை ரம்தா அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. சப்ஹா நேராக அவனிடம் போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்தாள்.

“அசையல,” என்றாள். “நான் கண்ணக் கொட்டாமப் பாத்தேன்.”

“அப்ப தட்டு எங்கடி போச்சு?” என்றான் ஜதான்.

“பொறுக்க மாட்டாம அதுவா போயிருக்கு. நான் மட்டும் என்ன, உள்ள அப்படித்தானே நின்னுக்கிட்டிருந்தேன்!” அவள் அபூ உக்லாவின் பக்கம் திரும்பினாள். “பெரியவரே, ஒட்டகக் கதை நல்லாத்தான் இருந்துச்சு. குடிங்க. கேட்டது உங்களுக்குத்தான். ஆறிப்போயிருக்கும், வேற ஊத்தட்டுமா?”

அபூ உக்லா ஆறிய காபியையே குடித்தார். கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது கொஞ்சம் தடவிப் பார்த்துத்தான் வைத்தார்.

கல்யாணம் அடுத்த மாதம் நடந்தது. சப்ஹா பயந்தது நடக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை அவள் அப்படியேதான் இருக்கிறாள். அதே நாக்கு, அதே கோபம், பக்கத்து வீட்டுக்காரியோடு அதே தீராத வழக்கு. அவன் அவளைத் தொடும்போதெல்லாம் கையை முதலில் மலர்த்தி வைத்து முன்னூறு எண்ணிவிட்டுத்தான் தொடுவான் என்று அவளே பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தேய்ந்தது அவனுடைய கைதான். உரசலில் இரண்டு பக்கமும் தேயும் என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. அஞ்சாம் வருஷம் வலது கட்டைவிரல் மங்கியது. ஏழாம் வருஷம் விரல்கள் எல்லாம் போயின, ஒன்பதாம் வருஷம் மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையும் கண்ணுக்குத் தெரியவில்லை. இர்பித் நகரத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பெல்லாம் எண்ணிக்கை பிசகாமல் இருந்தது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊர் ஒரு வாரம் பேசியது. அப்புறம் ஆலங்கட்டி மழை வந்து திராட்சையை அழித்தது, பேச்சு அங்கே போய்விட்டது. பள்ளிவாசலில் அவனுக்குக் கை கொடுக்கிறவர்கள் சட்டைக் கைக்கு நேராகக் கையை நீட்டினார்கள், அங்கே பிடி கிடைத்தது. காலையில் அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு மகள்களின் கூந்தலும் தானாகவே மூன்றாகப் பிரிந்து, தானாகவே பின்னிக்கொண்டு, நுனியில் ரிப்பன் முடிச்சும் போட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகிற மற்றப் பெண்கள் அதற்காக நிற்பதுகூட இல்லை.

கை மறைந்த பிறகு அவனுக்கு அமைதி வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. அறுபது தாண்டியும் அவன் இன்னும் நடந்துகொண்டேதான் சாப்பிடுகிறான், குளிர்காலத்து வெயிலில் சுவரோரம் உட்கார்ந்தாலும் பாதம் தாளம் போடுகிறது. பக்கத்தில் சப்ஹா பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். தரையிலிருந்து தேநீர்க் கிளாஸ் ஒன்று தானாகக் கிளம்பி, லேசாக நடுங்கிக்கொண்டே அவன் வாயை நோக்கி ஏறும்.

“சுடும்,” என்பாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஊதிக் குடி.”